இழுத்த கைக்குத் தெரியும்

ராலி பந்தயத்தில் கொண்டை ஊசி வளைவு ஓட்டுநரின் வேகத்தைத் தின்னும் இடம். ரசிகனுக்கு அதுதான் முதல் வரிசை இருக்கை. மொண்டே கார்லோ ராலியின் புகழ்பெற்ற கணவாய் கொல் டி டூரினி, 1,607 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு ஏறி இறங்கும் பாதை நெடுக இப்படிப்பட்ட வளைவுகள்தான். கார் வருகிறது, கால் பிரேக் விழுகிறது, மூக்கு தாழ்கிறது. ஓட்டுநரின் ஒரு கை ஸ்டியரிங்கை விட்டு, பக்கத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் லிவருக்குப் போகிறது. ஒரே இழுப்பு. பின்சக்கரம் இரண்டும் சட்டென்று உறைந்து நிற்க, காரின் வால் வெளிப்பக்கமாக வீசி எறியப்படுகிறது. கை லிவரை விட்டதும் கார் தான் வந்த திசைக்கே முகம் திருப்பிப் பாய்கிறது. எல்லாம் இரண்டு மூச்சுக்குள் முடிந்துவிடுகிறது.

கைதட்டல் ஓட்டுநருக்குப் போகும். போகட்டும். என் கண் அந்த லிவர் மேல்தான் இருக்கும். ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் என்ற அந்தச் சிறு கருவிக்குள் ஒரு அழகான கணக்கு உட்கார்ந்திருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்யும்போது கணக்கு வெளியே தெரியாது. என்ன இழுத்தாலும் பின்சக்கரம் லாக் ஆகாமல் அடம்பிடிக்கும் நாளில்தான் அது ஒவ்வொரு வரியாகப் படிக்கக் கிடைக்கும். தேர்ந்த மெக்கானிக் ஒருவர் அந்தக் குறையைத் தேடிப் போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

நம் வீட்டுக் கார்களில் பெரும்பாலும் இருப்பது கேபிள் ஹேண்ட்பிரேக். நிறுத்திய வண்டி உருளாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. நாள்பட நாள்பட கேபிள் நீளும், உறைக்குள் துரு ஏறும், இடம் வலம் இரண்டையும் ஒரே அளவில் இழுக்காது. கால் பிரேக்குக்கு எண்ணெய் அழுத்தம் வந்து நூறாண்டு தாண்டிவிட்டது. 1921-இலேயே அமெரிக்காவின் டூசன்பர்க் மாடல் ஏ கார் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு விற்பனைக்கு வந்தது. அப்படியிருந்தும் கை பிரேக் கேபிளிலேயே தங்கியதற்குக் காரணம் உண்டு. அடைபட்ட எண்ணெயின் அழுத்தம் மணிக்கணக்கில் நிற்காது. சூடு ஆறினால் குறையும், சீல் கொஞ்சம் கசிந்தாலும் போய்விடும். சரிவில் நிறுத்திய காரை அதை நம்பி விட்டுப் போக முடியாது. ராலிக்காரருக்கு அந்தக் கவலை கிடையாது. அவருக்குச் சக்கரம் நிற்க வேண்டியது அரை நொடியோ ஒரு நொடியோதான். அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் வேண்டும், விட்டதும் உடனே விடுபட வேண்டும். அதற்கு எண்ணெயைவிட்டால் வேறு வழியில்லை.

அமைப்பு எளிமையானது. லிவரின் அடியில் ஒரு மாஸ்டர் சிலிண்டர். கால் பிரேக்கிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் பைப்பை நடுவில் வெட்டி, இந்தச் சிலிண்டருக்குள் விட்டு, மறுபக்கம் வெளியே எடுத்துப் பின்னால் கொண்டுபோகிறார்கள். லிவர் சும்மா இருக்கும்போது சிலிண்டர் வெறும் பாதை மாதிரிதான். கால் பிரேக்கின் எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாக அதைக் கடந்து போய்விடும். லிவரை இழுத்தால் பிஸ்டனின் சீல் அந்தத் துளையைத் தாண்டி முன்னேறும், வாசல் அடைபடும். அதற்கப்பால் சிறைப்பட்ட எண்ணெய் முழுவதும் பின்சக்கரங்களை நோக்கி அழுத்தப்படும். பூட்டிப் பிடிக்கும் பல் எதுவும் கிடையாது. கை விட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இனி கணக்கு. கை 25 கிலோ விசையோடு இழுக்கிறது என்று வைப்போம். லிவர் அதை ஏழு மடங்காக்குகிறது. பிஸ்டன் மேல் விழுவது 175 கிலோ. சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் இன்ச் என்றால் பரப்பு 2.85 சதுர சென்டிமீட்டர். கிடைக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 61 கிலோ. அதே கை, அதே லிவர், சிலிண்டரை மட்டும் 5/8 இன்ச்சாக மாற்றினால் அழுத்தம் 88 கிலோவுக்கு ஏறிவிடும். பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் சொன்ன விதி, விலை கொடுக்காமல் பலம் வாங்கிவிட்டது போலத் தோன்றும். ஆனால் விலை உண்டு. பிஸ்டன் 25 மில்லிமீட்டர் நகர்ந்தால் முக்கால் இன்ச் சிலிண்டர் ஏழு சிசி எண்ணெயைத் தள்ளும்; 5/8 இன்ச் சிலிண்டர் தள்ளுவது ஐந்து சிசிதான். அழுத்தத்தில் கூடியது அளவில் குறைந்துவிடும். லிவரை நீளமாக்கினாலும் கதை இதேதான்: விசை கூடும், பிஸ்டனை அதே தூரம் நகர்த்தக் கை இன்னும் அதிக தூரம் போக வேண்டியிருக்கும். ஒரு கை ஒரு இழுப்பில் செய்யக்கூடிய வேலைக்கு ஒரு எல்லை இருக்கிறது. அதை அழுத்தமாக எடுத்துக்கொள்வதா, எண்ணெய் அளவாக எடுத்துக்கொள்வதா என்ற பேரம்தான் இந்தக் கருவி. லாக் ஆகாத சக்கரத்தைத் தேடிப் போனால் அநேகமாக இந்தப் பேரத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் எதையோ பறிகொடுத்துக்கொண்டிருப்பதுதான் தெரியவரும்.

எது பறிபோகிறது என்பதை முதலில் சொல்வது கை. கோவைச் சுற்றுவட்டாரத்துச் செம்மண் பாதைகளில் ராலி நடக்கும் நாட்களில், சர்வீஸ் நடக்கும் கூடாரத்தில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம். "அண்ணா, இழுக்கறேன், புடிக்கவே மாட்டேங்குதுங்க" என்பார் இளம் ஓட்டுநர். மெக்கானிக் ஸ்பேனரைத் தொடமாட்டார். "எங்க வந்து நிக்குது கண்ணு? கடைசி வரைக்கும் வருதா, பாதியிலயே கல்லாட்டம் நிக்குதா?" என்பார். எனக்கு இந்த ஒரு கேள்விக்காகவே அவரைப் பிடிக்கும். குறைகளின் பட்டியல் ஏறத்தாழ முழுவதும் இந்தக் கேள்வியில் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. லிவர் மெத்தென்று கடைசி வரை வந்தால் எண்ணெய் அளவு போதவில்லை. பாதியில் கல்லாக நின்றும் சக்கரம் சுற்றினால் எண்ணெய் போய்ச் சேர்ந்துவிட்டது. அழுத்தமோ உராய்வோதான் போதவில்லை. மூன்றாவதாக ஒன்று உண்டு, அபூர்வம்: முதலில் கெட்டியாக நின்று, பிடித்துக்கொண்டே இருந்தால் மெதுவாகக் கீழே இறங்கும் லிவர். வெளியே எங்கும் ஒழுகல் இல்லையென்றால் சிலிண்டருக்குள் சீல் தேய்ந்து, எண்ணெய் பின்பக்கமாக நழுவுகிறது.

மெத்தென்ற லிவருக்கு முதல் சந்தேகம் காற்று. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். பைப்புக்குள் ஒரு சிசி காற்றுக்குமிழ் மாட்டியிருந்தால், அறுபது கிலோ அழுத்தத்தில் அது அறுபதில் ஒரு பங்காக ஒடுங்கிவிடும். அதாவது தள்ளிய ஐந்து சிசியில் கிட்டத்தட்ட ஒரு சிசி முழுசாக அந்தக் குமிழை நசுக்குவதற்கே செலவாகிறது. கால் பிரேக்கில் இந்த இழப்பை பெடலின் ஓட்டம் ஓரளவு ஈடுகட்டிவிடும். ஹேண்ட்பிரேக்கில் அவ்வளவு தாராளம் கிடையாது.

ஏர் எடுப்பது எல்லா ஷெட்டிலும் நடக்கும் வேலைதான். ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. லிவரை நெட்டுக்குத்தாக நிறுத்தும்போது சிலிண்டரும் சாய்ந்தோ தலைகீழாகவோ உட்கார்ந்துவிடும். எண்ணெய் வெளியேறும் துளை கீழே போய்விட்டால் காற்று மேலே, பிஸ்டன் பக்கத்து மூலையில், தங்கிவிடும். பின்சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து பாட்டில் பாட்டிலாக எண்ணெயை ஓடவிட்டாலும் அது அசையாது. எண்ணெய் அதன் அடியிலேயே போய்க்கொண்டிருக்கும். விஷயம் தெரிந்தவர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, பைப் மாட்டியபடியே வெளித்துளை உச்சிக்கு வருமாறு சாய்ப்பார். ரப்பர் சுத்தியால் உடம்பில் லேசாகத் தட்டுவார். அந்தத் துளையில் பைப் மாட்டியிருக்கும் யூனியனை அரைச்சுற்று தளர்த்தச் சொல்லி, லிவரை அங்குலம் அங்குலமாக இழுப்பார். முதலில் மஞ்சள் நுரை வரும். பிறகு தனித்தனிக் குமிழ்கள். பிறகு ஓசையே இல்லாமல் தெளிந்த எண்ணெய். பின்சக்கரத்துக்குப் போய் நிப்பிளில் ஒளிபுகும் குழாயை மாட்டி அதே வேலையைத் தொடருவார். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும், அங்கேயும் காற்று பதுங்கும். அதையும் அவர் கண் ஒரு தரம் பார்த்துவிட்டு நகரும்.

காற்று போயும் லிவர் நீளமாக வருகிறதென்றால், எண்ணெய் வேறு எங்கோ வீணாகிறது. பின் காலிப்பரின் பிஸ்டன் 38 மில்லிமீட்டர் என்றால், பேட் டிஸ்க்கைத் தொட ஒரு மில்லிமீட்டர் நகர வேண்டியிருந்தாலே ஒரு சக்கரத்துக்கு 1.1 சிசிக்கு மேல் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 2.2 சிசி. ஐந்தில் ஏறக்குறைய பாதி, பேட் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன்பே காலி. டிஸ்க் கோணலாகச் சுற்றினால், வீல் பேரிங் ஆடினால், ஒவ்வொரு சுற்றிலும் பேட் பின்னுக்குத் தள்ளப்பட்டு இந்த இடைவெளி பெருகும். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பி இன்னும் கொஞ்சம் விழுங்கும். அதனால்தான் பந்தயக் கார்களில் எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. அதன் எளிமைக்கு நான் ரசிகன். ஓட்டுநரை வெறுமனே ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுக்கச் சொல்வார்கள், லாக் ஆகாது. அடுத்து, கால் பிரேக்கை மெல்லத் தொட்டுக்கொண்டு இழுக்கச் சொல்வார்கள். இப்போது லாக் ஆனால், கால் பிரேக் முன்கூட்டியே இடைவெளியை மூடிவிட்டது என்று அர்த்தம். அழுத்தம் போதுமானதாகத்தான் இருக்கிறது; குறை அளவில். இப்போதும் லாக் ஆகாவிட்டால் தேட வேண்டிய பக்கம் வேறு. ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை, பாதி வழக்கு தீர்ந்துவிட்டது.

பின்னால் டிரம் பிரேக் உள்ள கார்களில் இந்த இடைவெளிதான் பெரும்பாலும் குற்றவாளி. ஜிப்ஸி முதல் இன்றைய சிறு கார்கள் வரை நம் ஊரில் ராலிக்குப் போகும் வண்டிகள் பலவும் இந்த இனம். டிரம்மை மட்டமாக எண்ணுவது தவறு. சுற்றும் திசையிலேயே இழுபட்டுத் தானாக இறுகும் குணம் அதன் முன் ஷூவுக்கு உண்டு. மண்ணில் அது நன்றாகவே லாக் ஆகும். ஆனால் ஷூவை டிரம்முக்கு நெருக்கி வைத்திருக்க வேண்டும். சில கார்களில் தானியங்கி அட்ஜஸ்டர் வேலை செய்வதே பழைய கேபிள் லிவரின் அசைவால்தான். ஹைட்ராலிக் வந்துவிட்டதே என்று கேபிளைக் கழற்றி எறிந்தால் அட்ஜஸ்டர் தூங்கிவிடும். லைனிங் தேயத் தேய இடைவெளி வளர்ந்துகொண்டே போகும்.

இனி கல்லாக நிற்கும் லிவர். பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, லிவரை இழுத்து, ஒருவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறார். அசையவில்லை. "லாக் ஆகுதே!" என்று சந்தோஷப்படுவார்கள். இந்தச் சந்தோஷம் ஏமாற்று. இரண்டு கையால் டயரைப் பிடித்து ஒருவர் கொடுக்கக்கூடிய விசை முப்பது கிலோ இருக்கலாம். 200 கிலோ எடையைத் தாங்கும் பின்சக்கரத்தைத் தார்ச்சாலை சுற்றவைக்கும் விசையோ நல்ல டயரில் 180 கிலோவைத் தொடும், ஆறு மடங்கு. பிரேக்குக்கு எண்ணெய் போகிறது என்பதை மட்டும்தான் ஜாக்கி நிரூபிக்கும். போதுமா என்பதை நிரூபிக்காது. அதற்கு நிப்பிள் இருந்த இடத்தில் அழுத்தமானியைத் திருகி முள்ளைப் பார்க்க வேண்டும். கணக்குப்படி 88 வர வேண்டிய இடத்தில் 40 நின்றால், வழியில் யாரோ மறிக்கிறார்கள்.

மறிப்பவர் அடிக்கடி கார் கம்பெனியே பொருத்திய வால்வுதான். திடீர் பிரேக்கில் பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் சாதாரணக் கார் சுழன்றுவிடும். அதைத் தடுக்க, பின்னால் போகும் அழுத்தம் ஒரு அளவைத் தாண்டியதும் அதைக் குறைக்கும் வால்வு வைத்திருப்பார்கள். சில கார்களில் அது பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்து, பின்பக்கம் இலேசானால் அழுத்தத்தை இன்னும் வெட்டும். இப்போது வளைவை யோசித்துப் பாருங்கள். கால் பிரேக்கில் மூக்கு தாழ்கிறது, வால் எழும்புகிறது, வால்வு தன் கடமையைச் சரியாகச் செய்கிறது. அதே நொடியில்தான் கை ஹேண்ட்பிரேக்கை இழுக்கிறது. பின்சக்கரம் லாக் ஆகவே கூடாது என்று ஒரு பொறியாளர் வைத்த காவலுக்கும், லாக் ஆகியே தீர வேண்டும் என்று இன்னொருவர் வைத்த லிவருக்கும் ஒரே பைப்பில் சண்டை. இரண்டு பேர் மேலும் தப்பில்லை. சிலிண்டரை வால்வுக்கு அப்பால், பின்சக்கரப் பக்கமாகக் கொண்டுபோனால் சண்டை தீர்ந்தது. ஏபிஎஸ் உள்ள காரிலும் ஏபிஎஸ் பெட்டியைக் கடந்த பிறகுதான் இதற்கு இடம்.

முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் இன்னொரு பொறி உண்டு. பிரேக் இணைப்பு குறுக்காகப் போகும்: முன் இடதோடு பின் வலது, முன் வலதோடு பின் இடது. இதில் ஒரு பைப்பை மட்டும் வெட்டிச் சிலிண்டரை வைத்தால் ஒரு பின்சக்கரம் மட்டும் நிற்கும், மற்றது ஊர்வலம் போகும். பின்பக்கத்துக்கென்று தனி வழி போட்டே ஆக வேண்டும். இத்தனை தூரம்கூடப் போகாமல் முடியும் கதையும் உண்டு. ஸ்வீடனின் சாப் 99 காரில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது முன்சக்கரங்களை. அதை இழுத்துப் பின்பக்கத்தை வீச நினைப்பவருக்கு எந்த மெக்கானிக்கும் உதவ முடியாது.

முள் சரியான எண்ணைக் காட்டியும் சக்கரம் சுற்றுகிறதா? அப்படியானால் எண்ணெய்க்கு விடுதலை, குற்றம் உராய்வில். இங்கே அடிக்கடி நடப்பது ஆசையால் வரும் தவறு. பந்தயம் என்றதும் பின்னாலும் கடினமான பந்தய பேட் போட்டுவிடுவார்கள். அவற்றில் பல நல்ல சூடு ஏறினால்தான் கடிக்கும். பின் பிரேக் காரை நிறுத்தும் வேலையில் சிறு பங்குதான் செய்கிறது. அதற்கு அந்தச் சூடு வரவே வராது. பளபளத்துப் போன பேட், குளிர்ந்த டிஸ்க் மேல் வழுக்கிக்கொண்டே போகும். சூடு ஏறாமலே கடிக்கும் மிதமான பேட் போட்டு, டிஸ்க்கின் கண்ணாடிப் பளபளப்பை உப்புத்தாளால் எடுத்துவிட்டால் அதே லிவர் வேறு லிவராகிவிடும். டயரையும் மறக்கக் கூடாது. மண்ணில் அருமையாக லாக் ஆன கார், தாரில் புது மென்டயர் போட்டதும் மறுக்கும். பிரேக் பழையதுதான், அது வெல்ல வேண்டிய பிடிமானம் கூடிவிட்டது. டிரிஃப்ட் கார்களில் இதற்கென்றே பின்சக்கரத்துக்கு இரண்டாவது காலிப்பரைப் பூட்டி, ஹேண்ட்பிரேக்குக்குத் தனி எண்ணெய் வழி கொடுத்துவிடுகிறார்கள். கால் பிரேக்கோடு பேரமே வேண்டாம் என்ற முடிவு அது.

கடைசியாக, பிரேக்குக்கு வெளியே ஒரு குற்றவாளி: இன்ஜின். பின்சக்கர இழுவைக் காரில் கிளட்சை மிதிக்காமல் இழுத்தால் ஹேண்ட்பிரேக் இன்ஜினையும் சேர்த்து நிறுத்தப் போராடும். நான்கு சக்கர இழுவையில் சிக்கல் இன்னும் ருசி. முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைந்திருந்தால், பின்சக்கரம் நிற்க வேண்டுமென்றால் முன்சக்கரமும் நின்றாக வேண்டும். 2001-இல் வந்த மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 7 இதற்கு ஒரு நேர்த்தியான விடை வைத்திருந்தது: ஹேண்ட்பிரேக் இழுபட்டதும் இரண்டு அச்சையும் இணைக்கும் நடு டிஃபரென்ஷியலின் பிடி தானாகத் தளர்ந்துவிடும். பின்சக்கரம் தனியாள் ஆகிவிடும். ஜிப்ஸி போல நடு டிஃபரென்ஷியலே இல்லாத வண்டியை நான்கு சக்கர இழுவையில் போட்டுவிட்டு ஹேண்ட்பிரேக்கைத் திட்டுவது நியாயமில்லை.

இவ்வளவையும் பார்த்தபின், லாக் ஆகவில்லை என்றதும் நீள லிவர் வாங்க ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். கை பலத்தைக் கூட்டுவதற்கு முன் அது எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதில்தான் இந்தத் தொழிலின் கௌரவம் இருக்கிறது. காற்றை எடு, இடைவெளியை மூடு, வால்வைத் தாண்டு, பேட்டை மாற்று. இத்தனைக்குப் பிறகும் குறைந்தால் மட்டும் சிலிண்டர் விட்டத்தில் கை வை. வரிசை மாறினால் ஒரு குறையை இன்னொரு குறையால் மூடுவதாகிவிடும்.

அப்படி மூடியதில் மிக மோசமானது எது என்றும் சொல்லிவிடுகிறேன். லிவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் உள்ள புஷ் ராடில் ஒரு நூல் இடைவெளி இருக்க வேண்டும். அதை வீண் என்று எண்ணிப் பொறுமையில்லாதவர்கள் இறுக்கிவிடுவார்கள். லிவர் உடனே கெட்டியாகும், சக்கரமும் லாக் ஆகும், எல்லோரும் கைகுலுக்குவார்கள். ஆனால் பிஸ்டன் முழுசாகப் பின்வாங்காததால் அந்தச் சின்னத் துளை திறப்பதில்லை. எண்ணெய் திரும்பி வர வழியில்லை. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும், சூடேறும், சூட்டில் எண்ணெய் விரிந்து இன்னும் இறுக்கும். வளைவில் அழகாகத் திரும்பிய கார் அடுத்த நேர்ப்பாதையில் எழும்பாமல் திணறும். லாக் ஆகாத சக்கரத்தோடு ஓட்டுநர் ஒரு வளைவில் சில நொடிகளை இழப்பார். விடுபடாத சக்கரத்தோடு பந்தயத்தையே இழப்பார். எனவே அடுத்த முறை கொண்டை ஊசி வளைவோரம் நிற்கும்போது, வால் சுழலும் அழகோடு நிறுத்திவிடாதீர்கள். லிவர் விடுபட்டதற்கும் பின்சக்கரம் மறுபடி உருளத் தொடங்குவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். உங்கள் கண்ணுக்கு அந்த இடைவெளி பிடிபடவே இல்லையென்றால், அந்தக் காரைத் தயார் செய்தவர் தன் வேலையை நன்றாக அறிந்தவர்.